கடலை நோக்கிய காப்பரண்கள்

திருக்குறளின் பொருட்பாலில் ‘அரண்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அரசுக்குரிய உறுப்புகள் ஆறனுள் அரணும் ஒன்றாதலின் அதற்கெனத் தனியே பத்துக் குறள்களை ஒதுக்கினார் வள்ளுவர். உயரம், அகலம், உறுதி, பகைவர் நெருங்க இயலாமை ஆகிய இலக்கணங்களை வகுத்துக் கூறிய அவர், அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வேறொன்றைச் சொல்கிறார். எத்துணைப் பெருமை வாய்ந்ததாயினும், செயல் திறம் இல்லாதவரிடத்து அரண் இருந்தும் இல்லாததே என்பது அக்கருத்து. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் எழுப்பப்பட்ட கடற்கரைக் காப்பரண்களின் வரலாற்றைப் படிப்போர்க்கு இக்கருத்து திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும்.

அவ்வரலாற்றைப் பற்றி மக்களிடையே ஒரு பேச்சு வழங்கி வருகிறது. “சிங்கப்பூரின் பீரங்கிகள் எல்லாம் கடலை நோக்கி நின்றன, பகைவனோ பின்புறமாக வந்தான், அதனால்தான் கோட்டை வீழ்ந்தது” என்பதே அப்பேச்சு. பள்ளிப் பிள்ளைகள் முதல் முதியவர் வரை இதை அறிவர். கேட்பதற்கு எளிதாகவும் நினைவில் நிற்பதாகவும் உள்ள இக்கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் முழு உண்மை அதுவன்று. பழியைப் பீரங்கி மீது சுமத்திவிட்டால், அதனை அமைத்தவர், அமைக்க மறுத்தவர், பாதியில் நிறுத்தியவர் ஆகியோரின் பொறுப்பு மறைந்துவிடுகிறது. இன்றும் கடற்கரைகளில் எஞ்சி நிற்கும் சுவர்களும் நிலவறைகளும் காவற்கூண்டுகளும் இப்பேச்சைத் திருத்தும் சான்றுகளாக இருக்கின்றன. அவற்றை முறைப்படி நோக்குவது பயனுடையதாகும்.

நாட்கணக்கின் மேல் எழுந்த கோட்டை

முதல் உலகப் போர் முடிந்தபின் பசிபிக் பெருங்கடலில் ஜப்பானின் கடற்படை வலிமை பெற்று வந்தது. அதனை எதிர்கொள்ளக் கிழக்கே ஒரு பெருங்கடற்படைத் தளம் வேண்டும் என்று 1921-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அமைச்சரவை முடிவு செய்தது. சிங்கப்பூர்த் தீவின் வடகரையில், ஜொகூர் நீரிணையை ஒட்டிய செம்பவாங் அதற்குரிய இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பணம் ஒதுக்குவதும் நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் தாங்கிய பெரிய கப்பல் துறை 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் திறக்கப்பட்டது. சரியாக நான்கு ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது.

இத்தளத்தில் நிலையாக ஒரு பெருங்கடற்படை நிறுத்தப்படவில்லை. போர் மூண்டால் ஐரோப்பிய நீர்ப்பரப்பிலிருந்து கப்பல்கள் புறப்பட்டு வந்து சேரும் என்பதே திட்டம். அவை வந்து சேரும்வரை தளம் தாக்குப் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் அதற்கு 42 நாட்கள் போதும் என்று கணக்கிட்டனர். 1937-இல் அது 70 நாட்களாயிற்று. 1939-இல் முதலில் 90 நாட்கள் என்றும், ஐரோப்பாவில் போர் தொடங்கியபின் 180 நாட்கள் என்றும் நீண்டது. நாள் நீள நீளக் கோட்டையின் வேலையும் பெருகியது. ஒரு கப்பற்படையைச் சில வாரம் தடுத்து நிறுத்தும் பீரங்கிகள் ஆறு மாத முற்றுகைக்குப் போதா. காடு, சாலை, விமானத் தளம், குடிநீர் ஆகிய அனைத்தையும் காக்கும் ஏற்பாடு வேண்டியிருந்தது. கணக்கு மாறிற்று, கட்டுமானமோ பழைய கணக்கின்படியே பெரிதும் நின்றது.

பீரங்கிகளின் தொகை சிறிதன்று. சிங்கப்பூரையும் அதன் வாயிலையும் காக்க 15 அங்குலப் பீரங்கிகள் 5, 9.2 அங்குலப் பீரங்கிகள் 6, 6 அங்குலப் பீரங்கிகள் 18 என 29 பெரும் பீரங்கிகள் அமைந்தன. 15 அங்குலப் பீரங்கிகளில் மூன்று சாங்கி வட்டாரத்திலும் இரண்டு புவன விஸ்தாவிலும் இருந்தன. சாங்கிப் பீரங்கி மேடைக்கு ‘ஜொகூர் பேட்டரி’ என்று பெயர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டி 1935-இல் ஜொகூர் சுல்தான் 5 இலட்சம் பவுன் நன்கொடை அளித்ததன் நினைவாக வந்த பெயர் அது. அப்பீரங்கியின் ஒரு குண்டு ஏறத்தாழ 880 கிலோகிராம் எடை கொண்டது. 20 மைலுக்கு அப்பாலும் சென்று விழக்கூடியது. பிளாக்காங் மாத்தி என அன்று வழங்கிய இன்றைய செந்தோசாத் தீவு, லாப்ரடார் முனை, தெக்கோங் தீவு, நீரிணைக்கு அப்பால் ஜொகூர்க் கரையிலுள்ள பெங்கெராங் ஆகிய இடங்களிலும் பீரங்கி மேடைகள் எழுந்தன. இவற்றில் பணியாற்றியோரில் ஹாங்காங் சிங்கப்பூர் அரச பீரங்கிப் படையைச் சேர்ந்த இந்திய வீரர்களும் பலர். அவர்கள் பெரும்பாலும் பஞ்சாபியர்.

முன்பே அறிந்த ஆபத்து

பகைவன் வடக்கிலிருந்து நிலவழியாக வரக்கூடும் என்பது எவருக்கும் தோன்றாத புதுமையன்று. 1935 முதல் 1939 வரை மலாயாவின் படைத் தலைவராயிருந்த மேஜர் ஜெனரல் வில்லியம் டாபி 1937-இல் இதனை ஆராயச் செய்தார். வடகிழக்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் கீழைக் கடற்கரையில் படை இறங்க முடியாது என்பது அன்றைய பொதுநம்பிக்கை. அக்காலத்திலும் இறங்க முடியும் என்றும், மழையும் மேகமும் கண்காணிப்பு விமானங்களின் பார்வையை மறைப்பதால் அதுவே பகைவனுக்கு வாய்ப்பாகும் என்றும் அவ்வாராய்ச்சி கூறியது. தாய்லாந்தின் தென்கரையிலும் கிளந்தானிலும் இறங்கி, தீபகற்பத்தின் வழியே தெற்கு நோக்கி வந்து, ஜொகூரிலிருந்து சிங்கப்பூரைத் தாக்கக்கூடும் என்பது அதன் முடிபு. அவ்வறிக்கையைத் தயாரித்த தலைமை அலுவலர் ஆர்தர் பெர்சிவல். 1941 மே மாதத்தில் மலாயாவின் படைத் தலைவராக வந்தவரும், 1942-இல் சரணடைந்தவரும் அவரே.

டாபி வெறும் அறிக்கையோடு நிற்கவில்லை. ஜொகூரில் கோத்தா திங்கி வட்டாரத்தை ஒட்டி ஒரு தற்காப்பு வரிசை அமைக்க முனைந்தார். இயந்திரத் துப்பாக்கி வைத்துச் சுடுவதற்குரிய கான்கிரீட் காவற்கூண்டுகள் அங்கே கட்டப்பட்டன. ஆங்கிலத்தில் இவற்றை ‘பில்பாக்ஸ்’ என்பர். மாத்திரைச் சிமிழ் என்பது அச்சொல்லின் பொருள்; வடிவத்தால் வந்த பெயர். தடித்த சுவரும் தாழ்ந்த கூரையும், துப்பாக்கி முனை மட்டும் வெளிவரும் சிறு துளைகளும் அதன் அமைப்பு. இவ்வரிசைக்கென ஒதுக்கப்பட்ட தொகை 60,000 பவுன். பெரும்பொருட்செலவில் எழுந்த கடற்படைத் தளத்தின் முன் இது மிகச் சிறு தொகையேயாகும். அத்தொகையிலும் பாதிகூடச் செலவாகவில்லை. டாபி ஊர் திரும்பினார், வேலை நின்றது. 1941 ஆகஸ்டில் தலைமைப் பொறியாளராக வந்த பிரிகேடியர் ஐவன் சிம்சன், அக்காவற்கூண்டுகள் காட்டுக்குள் புதர் மூடிக் கிடந்ததைக் கண்டார்.

கட்டுமானம் தடைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தமிழ்த் தொழிலாளரோடு தொடர்புடையது. அரண் எழுப்ப ஆள் வேண்டும். மலாயாவின் உடலுழைப்பு அன்று பெரும்பாலும் ரப்பர்த் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் குவிந்திருந்தது. தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் தமிழர். போருக்குத் தேவையான ரப்பரைக் குறைக்காமல் தரவேண்டும் என்று தோட்டங்களுக்கு ஆணை. ஆகவே தோட்டங்கள் ஆளை விட மனம் கொள்ளவில்லை. படைத்துறை தரக்கூடிய கூலியோ லண்டனில் நிர்ணயிக்கப்பட்டது. அது வெளிச்சந்தைக் கூலிக்கும் குறைவு. குறைந்த கூலிக்கு, குண்டு விழும் இடத்தில் வேலை செய்ய யார் வருவர்? கடிதங்கள் லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்தன. அரண் கட்டும் காலம் அவ்வாறு கழிந்தது.

கிளந்தான் கடற்கரை

ஜப்பானியர் முதலில் கரையிறங்கிய இடங்களுள் ஒன்று கிளந்தானின் கோத்தா பாரு. அங்கே படையை நிறுத்தியதற்குக் காரணம் நகரைக் காப்பதைவிட விமானத் தளங்களைக் காப்பதே. விமானப் படையினர் கடலை வெகுதூரம் கண்காணிக்கும் பொருட்டுக் கோத்தா பாரு, கோங் கெடா, மாச்சாங் ஆகிய இடங்களில் தளம் அமைத்தனர். தளங்கள் கரைக்கு அருகில் இருந்தமையால் கரையையே காக்க வேண்டியதாயிற்று. மலாயாவின் தற்காப்புக்கு 336 விமானங்கள் தேவையென்று லண்டனில் ஒப்புக்கொண்டிருந்தனர். போர் தொடங்கிய நாளில் முன்னணியில் நின்றவை 158 மட்டுமே. விமானம் இல்லாத விமானத் தளங்களைக் காக்க, காலாட்படை மெல்லிய கோடாகக் கடற்கரையில் பரப்பப்பட்டது.

பிரிகேடியர் கீ தலைமையிலான 8-ஆம் இந்தியப் பிரிகேட் அப்பகுதியின் பொறுப்பை ஏற்றிருந்தது. சாபாக், பாடாங் ஆகிய கடற்கரைகளில் 17-ஆம் டோக்ரா ரெஜிமெண்டின் மூன்றாம் பட்டாளத்தினர் நின்றனர். இமயமலை அடிவாரத்து ஊர்களிலிருந்து வந்த வீரர்கள் அவர்கள். கரை நெடுகக் காவற்கூண்டுகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் கஜ தூரம். இடைவெளியை மறைக்கப் போலிக் கூண்டுகளும் வைக்கப்பட்டன. முன்னால் முள்கம்பி வேலியும் மணலில் கண்ணிவெடியும் இருந்தன.

1941 டிசம்பர் 8-ஆம் நாள், நள்ளிரவு கழிந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் ஜப்பானியப் போக்குவரத்துக் கப்பல்கள் மூன்று கரைக்கெதிரே நங்கூரமிட்டன. மேஜர் ஜெனரல் தாக்குமியின் படை படகுகளில் இறங்கியது. பேர்ல் துறைமுகத் தாக்குதல் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே பசிபிக் போர் இவ்வாறு கிளந்தானில் தொடங்கிவிட்டது. கடல் கொந்தளித்தது, படகுகள் சில கவிழ்ந்தன. கரையை அடைந்தவர்களைக் கம்பி வேலியும் துப்பாக்கிச் சூடும் எதிர்கொண்டன. டாபியின் அறிக்கை கூறியபடியே பருவக் காற்றுக் காலத்தில், கூறிய கரையிலேயே பகைவன் இறங்கினான்.

இரண்டு கடற்கரைகளுக்கும் இடைப்பட்ட பா அமாத் கழிமுகத்தருகே சண்டை மிகக் கடுமையாயிருந்தது. அங்கிருந்த இரண்டு காவற்கூண்டுகள் வீழ்ந்தபோது அவற்றிலிருந்த வீரர்கள் ஏறக்குறைய அனைவரும் மாண்டிருந்தனர். அவர்கள் இடத்தை விட்டு ஓடவில்லை. ஜப்பானியர் பக்கத்திலும் இறந்தோர் பலர். ஆஸ்திரேலிய விமானிகள் ஓட்டிய ஹட்சன் விமானங்கள் ‘அவாசிசான் மாரு’ என்னும் கப்பலைத் தீக்கிரையாக்கின. எனினும் ஒரு கூண்டு வீழ்ந்ததும் அடுத்த கூண்டு ஆயிரம் கஜத்துக்கு அப்பால் தனித்து நின்றது. இடையே புகுந்த பகைவனைத் தடுக்கப் பின்னால் போதிய படை இல்லை. அன்று மாலைக்குள் விமானத் தளம் கைவிடப்பட்டது.

இக்கடற்கரை தரும் பாடம் தெளிவானது. காவற்கூண்டு தனக்கு விதித்த கடமையைச் செய்தது. அக்கூண்டு காத்த ஓர் இரவின் நேரத்தைப் பயன்படுத்துவதற்கு விமானமும் பின்படையும் இல்லாமற் போயின.

பினாங்கில் மௌனமான பீரங்கிகள்

மேலைக் கரையில் இதற்கு மாறான ஒரு காட்சி. பினாங்குத் தீவின் தென்கிழக்கே பத்து மாவுங் குன்றின்மீது பிரிட்டிஷார் 1930-களில் ஒரு கோட்டை அமைத்தனர். கடல்வழியாக வரும் கப்பல்களைத் தடுப்பது அதன் நோக்கம். கப்பல் எதுவும் வரவில்லை; விமானங்களே வந்தன. 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுனில் குண்டுமாரி பெய்தது. நகரில் விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுமில்லை. வானத்தில் வந்த விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்ட மக்கள் பலர் அங்கேயே உயிரிழந்தனர்.

டிசம்பர் 16-ஆம் நாள் இரவு காவற்படையினரும் ஐரோப்பியரும் தீவை விட்டு வெளியேறினர். ஆசிய மக்களுக்கு அவ்வேற்பாடு இல்லை. அவர்களிடம் சொல்லவும் இல்லை. நகரில் எஞ்சிய பல இனத்தவரும் ஒன்றுகூடி ஒரு சேவைக் குழு அமைத்தனர். அதற்குத் தலைமை தாங்கியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. ஆளோ படையோ இல்லாத ஊரின்மீது குண்டு விழுவது நிற்கவேண்டும் என்பதற்காக, கார்ன்வாலிஸ் கோட்டைக் கம்பத்தில் பறந்த பிரிட்டிஷ் கொடியை அவர் இறக்கினார். ஊர் காவலற்றது என்பது வானொலி மூலமும் அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 19-இல் ஜப்பானியர் பினாங்கில் நுழைந்தனர்.

பத்து மாவுங் குன்றின் கோட்டை 2002-ஆம் ஆண்டு முதல் போர் அருங்காட்சியகமாயிற்று. அங்குள்ள நிலவறைகளையும் பீரங்கி மேடைகளையும் காண்போர், அவை போரில் அழிந்தவை அல்ல, கைவிடப்பட்டவை என்பதை நினைவில் கொள்ளவேண்டும். அரணைக் காத்தோர் சென்றபின் ஊரைக் காக்கும் பொறுப்பு ஒரு பத்திரிகை ஆசிரியரிடமும் அவரோடு நின்ற பொதுமக்களிடமும் வந்து சேர்ந்தது.

பீரங்கிகள் திரும்பினவா?

சிங்கப்பூரின் பீரங்கிகளைப் பற்றிய வழக்குப் பேச்சை இனி ஆராயலாம். புவன விஸ்தாவின் இரண்டு 15 அங்குலப் பீரங்கிகள் வடக்கு நோக்கித் திரும்பும் வகையில் அமைக்கப்படவில்லை. அவை ஒரு குண்டும் சுடாமலே தம் வீரர்களால் தகர்க்கப்பட்டன. வழக்குப் பேச்சின் வேர் இதுவே. ஆனால் மற்றப் பீரங்கிகள் பல திரும்பின, சுட்டன. ஜொகூர் பேட்டரியின் பீரங்கிகள் ஜொகூர் பாருவை நோக்கியும், பின்னர் தெங்கா, புக்கித் தீமா முதலிய இடங்களை நோக்கியும் 194 குண்டுகளைச் செலுத்தின. பிளாக்காங் மாத்தியிலிருந்த 9.2 அங்குலப் பீரங்கிகளும் நிலத்தை நோக்கிச் சுட்டன.

அவ்வாறாயின் பயன் ஏன் குறைந்தது? விடை குண்டில் இருக்கிறது. கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைத்து உள்ளே சென்று வெடிப்பதற்கென்று செய்த குண்டுகளே பெரும்பாலும் அங்கு இருந்தன. அத்தகைய குண்டு மென்மையான மண்ணில் விழுந்தால் ஆழத்தில் புதைந்துவிடும். மேலே பரவி நிற்கும் படைக்கு அதனால் தீங்கு குறைவு. தரையில் பட்டவுடன் வெடித்துச் சிதறும் குண்டுகள் மிகக் குறைவாகவே இருந்தன. மேலும், எங்கே சுட வேண்டும் என்று காட்டும் கண்காணிப்பாளர் நிலப்பகுதியில் இல்லை. கடலில் வரும் கப்பலின் தூரத்தை அளக்கும் கருவிகள் காட்டிலும் தோட்டத்திலும் மறைந்து வரும் படைக்கு உதவா. ஆகவே பீரங்கி திரும்பியது; பீரங்கிக்குரிய ஏற்பாடு திரும்பவில்லை. கரும்பலகையில் ஒரே வரியில் எழுதக்கூடிய உண்மை இது. 1942 பிப்ரவரி 12 அன்று ஜொகூர் பேட்டரியைத் தகர்த்துவிட்டு வீரர்கள் வெளியேறினர்.

கட்டப்படாத கரை

காப்பரண்கள் நிற்கும் இடத்தைப் போலவே அவை இல்லாத இடமும் ஒரு சான்றாகும். சிங்கப்பூரின் தென்கரையில் காவற்கூண்டுகளும் முள்கம்பியும் கண்ணிவெடியும் ஒளிவீச்சு விளக்குகளும் அமைந்தன. வடமேற்குக் கரையிலோ அத்தகைய நிலையான அரண் இல்லை. வடகரையில் அரண் எழுப்ப வேண்டும், அதற்குரிய பொருளும் கையில் உள்ளது என்று சிம்சன் 1941 டிசம்பர் இறுதியில் பெர்சிவலிடம் வற்புறுத்தினார். பின்னால் அரண் கட்டுவதைக் கண்டால் படையினரும் பொதுமக்களும் மனம் தளர்வர் என்று கூறிப் பெர்சிவல் மறுத்துவிட்டார் என்பதைச் சிம்சன் 1970-இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்துள்ளார். நிலப்பக்கத்தில் அரண் இல்லை என்பது தமக்குத் தோன்றவே இல்லை என்று பிரதமர் சர்ச்சில் பின்னாளில் எழுதினார். அவர் அதனை அறிந்தபோது 1942 ஜனவரி நடுப்பகுதி ஆகிவிட்டது.

ஜனவரி 31-இல் பிரிட்டிஷ் படைகள் தீவுக்குள் பின்வாங்கி, ஜொகூர்ப் பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்தன. வடமேற்கே நின்ற ஆஸ்திரேலியப் படையினர் சதுப்பு நிலத்தில் அவசர அவசரமாகக் குழி தோண்டினர். தோண்டிய குழியில் நீர் ஊறியது. பெர்சிவல் பகைவன் வடகிழக்கே வருவான் என்று எதிர்பார்த்தார். பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு ஜப்பானியரின் இரண்டு டிவிஷன்கள் வடமேற்கே சாரிம்புன் வட்டாரத்தில் நீரிணையைக் கடந்தன.

தென்கரையில் கடலை நோக்கி அமர்ந்திருந்த படைகளுள் மலாய் ரெஜிமெண்டும் ஒன்று. பகைவன் முதுகுப்புறமாக வந்தபோது அவ்வீரர்கள் கூண்டுகளை விட்டு, பாசிர் பாஞ்சாங் மேட்டில் ஏறி நின்று போரிட்டனர். பிப்ரவரி 14 அன்று புக்கித் சண்டுவில் லெப்டினண்ட் அட்னான் பின் சைடியும் அவருடைய வீரர்களும் இறுதிவரை நின்று மாண்டனர். சிமெண்டுச் சுவரால் திரும்ப முடியவில்லை, மனிதர் திரும்பினர்.

இயற்கை அரண் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நீரும் நிலமும் மலையும் காடும் அரணின் பகுதியாகும் என்று வள்ளுவர் கூறுவார். பிரிட்டிஷாரும் காட்டையும் பருவக் காற்றையும் தம் அரண்களாகக் கொண்டனர். ஆனால் தீபகற்பத்தின் நல்ல தார்ச் சாலைகள் வழியே சைக்கிளிலும் டாங்கியிலும் பகைவன் வந்தான்; காடு அவனுக்கு மறைவாகவே உதவியது. மூன்றரை ஆண்டுக்குப் பின் காட்சி மாறிற்று. ஜப்பான் பணிந்தபின், 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ், இந்தியப் படைகள் சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் இறங்கின. எதிர்ப்பார் எவருமில்லை. ஆயினும் வண்டிகள் பல சேற்றில் புதைந்து நின்றன. எவரும் கட்டாத அக்கரையின் சேறு, எதிரி நின்றிருந்தால் பெரும் அரணாகியிருக்கும். நிலத்தை அறியாதவன் தன் அரணையும் அறியான், பிறர் அரணையும் அறியான்.

இன்று காணும் சுவடுகள்

காலம் இவ்வரண்களை இரு வகையாக மாற்றியிருக்கிறது. கிளந்தானில் கடல் நிலத்தை அரித்து உள்ளே வந்தது. சாபாக் கடற்கரையில் 1941-இல் படைகள் மோதிய மணற்பரப்பின் பெரும்பகுதியை அலை கொண்டுபோயிற்று. சிங்கப்பூரில் நிலம் கடலுக்குள் சென்றது. 1966 முதல் நடந்த கடல் நிரப்புப் பணிகளால் கீழைக் கரையின் பழைய மணல் உள்நாடாகி, அங்கே சாலையும் குடியிருப்பும் எழுந்தன. பாசிர் பாஞ்சாங் சாலையோரத்தில் எஞ்சி நிற்கும் காவற்கூண்டின் முன் இன்று அலை இல்லை, வாகனங்கள் ஓடுகின்றன. அறியாதவர் அதனை ஏதோ பழைய நீர்த்தொட்டி என்று எண்ணிக் கடந்து போகக்கூடும்.

லாப்ரடார் இயற்கைக் காப்பகத்தில் பீரங்கி மேடைகளையும் கடற்கரைக் காவற்கூண்டு ஒன்றையும் காணலாம். ஜொகூர் பேட்டரியின் நிலவறை அமைப்பு பல்லாண்டு மறந்து கிடந்து, 1991-இல் மீண்டும் கண்டறியப்பட்டது. அவ்விடத்தில் நிற்பது மூலப் பீரங்கியன்று, மாதிரிப் பீரங்கியே. 2002-இல் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. செந்தோசாவின் சிலோசோ கோட்டை 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று, வீழ்ச்சியின் 80-ஆம் ஆண்டு நிறைவு நாளில், தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பெங்கெராங்கிலும் கோத்தா திங்கி வட்டாரத்திலும் கான்கிரீட் எச்சங்கள் காட்டு மரங்களின் வேரோடு பின்னிக் கிடக்கின்றன.

பெரிய பீரங்கி மேடைகளுக்குப் பெயர்ப் பலகையும் காவலும் கிடைத்துவிட்டன. ஆனால் ஐந்தாறு பேர் மட்டும் ஒடுங்கி நிற்கக்கூடிய சிறு கூண்டுகளைத்தான் கடலும் சாலையும் கட்டடமும் ஒவ்வொன்றாக விழுங்கி வருகின்றன. வரலாற்றின் பெரும்பகுதி நடந்தது அச்சிறு கூண்டுகளிலேயே. பா அமாத் கழிமுகத்தில் மாண்ட டோக்ரா வீரர்களுக்கு அக்கூண்டே இறுதி இல்லமாயிற்று.

தமிழாசிரியர்கள் இவ்விடங்களுக்கு மாணவரை அழைத்துச் செல்வது நன்று. அங்கே நின்று சில எளிய வினாக்களைக் கேட்கச் சொல்லலாம். சுடுதுளை எத்திசையை நோக்குகிறது? அன்று கடல் எங்கே இருந்தது, இன்று எங்கே இருக்கிறது? அடுத்த கூண்டு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்திருக்குமா? இதன் பின்புறம் யார் வாழ்ந்தனர்? இந்நான்கு வினாவுக்கும் விடை தேடும் மாணவன், ‘பீரங்கி தவறான திசையை நோக்கியது’ என்ற வாய்ப்பாட்டோடு நிற்கமாட்டான். எச்சரிக்கை கிடைத்தும் வேலை நின்றதையும், கூலியில் கணக்குப் பார்த்ததையும், ஒரு தீவின் மக்களிடம் சொல்லாமலே காவலர் வெளியேறியதையும் அவன் அறிந்துகொள்வான்.

கடைசி வினாவே தமிழர்க்கு மிகவும் வேண்டியது. அரண்கள் வீழ்ந்தபின் அவற்றைத் திட்டமிட்டோரில் பலர் சிறை சென்றனர். அரணுக்குப் பின்னால் வாழ்ந்த தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாமலே போயினர். அரண் என்பது நாட்டைக் காப்பதற்கு; நாடு என்பது அதில் வாழும் மக்கள். கடலை மட்டும் நோக்கிக் கணக்கிட்டவர்கள் அம்மக்களைக் கணக்கில் சேர்க்க மறந்தனர். எஞ்சிய சுவர்களைப் பாதுகாப்பதற்கு இதனினும் வலுவான காரணம் வேண்டியதில்லை.